ஸ்கோர் 771, ஆனாலும் தொழில் கடன் இல்லை: வங்கி அப்படி எதைத்தான் பார்க்கிறது?

12.09.2025, பட்டறைக்காரர்

ஒரு கருத்து வைக்கிறேன், உடைக்க முடிந்தால் உடையுங்கள். சிபில் ஸ்கோர் 750ஐத் தாண்டிய ஒருவருக்குத் தொழில் கடன் மறுக்க வங்கிக்கு எந்த நியாயமும் கிடையாது. 771 இருந்தும் "பாலிசிப்படி இயலாது" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் அந்த ஸ்கோர் எதுக்கு?

12.09.2025, பேரேடு

விண்ணப்பத்தை வாங்கி மேசையில் வைப்பதற்கு. அதோடு அதன் வேலை முடிந்தது.

ஸ்கோர் 300 முதல் 900 வரை போகிற ஒரு தனிமனித எண். கடந்த கால தவணை ஒழுக்கத்தைத்தான் அது சொல்லும். தொழிலுக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. கிரெடிட் ஆபீசர் சிபில் அறிக்கையின் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போவார். ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். அதில் 000 என்றால் நாள் தவறாமல் கட்டியது. 028 என்றால் 28 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் கடன் கொடுத்தவர் தகவலே அனுப்பவில்லை. 771 வைத்திருப்பவரின் அறிக்கையில் போன வருஷம் ஒரு 061 இருக்க முடியும். மீதி நான்கு கணக்கு சுத்தமாக இருந்தால் ஸ்கோர் ஏறிவிடும், 061 அங்கேயேதான் நிற்கும்.

அடுத்து அவர் பார்ப்பது: யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா, எந்தக் கணக்காவது "செட்டில்டு" என்று முடிந்திருக்கிறதா, கடைசி ஆறு மாதத்தில் எத்தனை பேர் இவருடைய அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதற்குப் பிறகுதான் ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி, பேங்க் ஸ்டேட்மென்ட்.

கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ இருந்தால் தனி வணிக அறிக்கை உண்டு. அதில் ஸ்கோர் கிடையாது, 1 முதல் 10 வரை ரேங்க். இதில் 1தான் நல்லது.

12.09.2025, சரக்குமாஸ்டர்

பத்துக்கு ஒன்பது வாங்கிவிட்டோம் என்று மேனேஜருக்கு இனிப்பு கொண்டு போகிற ஆள் எங்காவது இருப்பார்.

13.09.2025, பட்டறைக்காரர்

சரி, 061 இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சிசி (கேஷ் கிரெடிட், தேவைக்கேற்ப எடுத்துக் கட்டுகிற தொழில் கடன் கணக்கு) லிமிட் 20 லட்சம். நிலுவை எப்போதுமே 17, 18. லிமிட்டைத் தாண்டியதே இல்லை. அதிலும் "இர்ரெகுலர்" என்று எழுதுகிறார்களே, அது எப்படி?

13.09.2025, பேரேடு

லிமிட் வேறு, டிராயிங் பவர் (கையில் உள்ள சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி போடும் கணக்கு) வேறு. இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்கலாம். புதிதாக சிசி வாங்குகிறவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான், ஆகவே கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

கையில் சரக்கு 18 லட்சம். அதில் சப்ளையருக்கு இன்னும் பணம் கொடுக்காதது 6 லட்சம். ஆக, பணம் கொடுத்த சரக்கு 12. சாங்ஷன் லெட்டரில் சரக்குக்கு 25 சதவீத மார்ஜின் (வங்கி கழித்துக்கொள்ளும் பங்கு) என்றால் கிடைப்பது 9 லட்சம். வர வேண்டிய பாக்கி 14 லட்சம். அதில் 90 நாள் தாண்டிய 4 லட்சத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மீதி 10. அதற்கு 40 சதவீத மார்ஜின் போனால் 6 லட்சம். 9ம் 6ம் சேர்ந்து டிராயிங் பவர் 15 லட்சம்.

நிலுவை 17. லிமிட்டுக்குள் 3 லட்சம் இடம் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். வங்கி சிஸ்டத்தில் 2 லட்சம் மீறல். மார்ஜின் சதவீதம் ஒவ்வொரு சாங்ஷன் லெட்டரிலும் மாறும், கணக்கு முறை இதேதான்.

இன்னொன்று, ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது வங்கிக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கு. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்துப் போட்ட டிராயிங் பவரில் பணம் எடுத்தால் அந்த நிலுவையே முறையற்றது என்று ஆகிவிடும். அந்த நிலை விடாமல் 90 நாள் நீடித்தால் கணக்கு என்பிஏ (வாராக் கடன்), தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. வருடாந்திரப் புதுப்பித்தலும் அப்படியே. கெடுவிலிருந்து 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் என்பிஏ. "ஆடிட்டர் இன்னும் பேலன்ஸ் ஷீட் கொடுக்கல" என்பதை சிஸ்டம் கேட்டுக்கொள்ளாது.

13.09.2025, அடமானம்

பேரேடு சொன்னதோடு வட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லிமிட்டை விளிம்பு வரை எடுத்து வைத்திருப்பவருக்கு மாதக் கடைசியில் வட்டி பற்று விழும். 20 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 16,700. அந்த இரவே கணக்கு லிமிட்டைத் தாண்டி நிற்கும். மறுநாளோ அடுத்த வாரமோ வரவு வந்தால் சரியாகிவிடும். வரவே இல்லாமல் 90 நாள் போனாலோ, வந்த வரவு அந்த 90 நாளின் வட்டிக்கே போதாவிட்டாலோ, நிலுவை லிமிட்டுக்குள் இருந்தாலும் கணக்கு "அவுட் ஆஃப் ஆர்டர்" (முறைதவறியது).

ஆகவே "அந்த அக்கவுண்ட்டைத் தொடவே இல்லை, பத்திரமாக இருக்கிறது" என்று சொல்வது சிசி விஷயத்தில் செல்லாது. விற்பனைப் பணத்தை வேறு வங்கியின் கணக்கில் போட்டுக்கொண்டு சிசியைச் சும்மா விடுவது இந்தக் கேட்டைத் தானே தேடிக்கொள்வது.

14.09.2025, சரக்குமாஸ்டர்

மூன்று தவணை தவறினால்தான் என்பிஏ. அதற்குள் ஒன்றைக் கட்டிவிட்டால் போதும் என்கிறார்களே?

14.09.2025, பேரேடு

பாதி சரி. நாள் கணக்கை ரிசர்வ் வங்கியே 2021 நவம்பர் 12 சுற்றறிக்கையில் உதாரணம் போட்டு விளக்கியிருக்கிறது. மார்ச் 31 தவணை அன்றைய நாள் முடிவுக்குள் வரவில்லை என்றால் அன்றே ஓவர்டியூ. அப்படியே தொடர்ந்தால் ஏப்ரல் 30 அன்று எஸ்எம்ஏ-1 (எஸ்எம்ஏ என்பது என்பிஏவுக்கு முந்தைய எச்சரிக்கைப் படி). மே 30 அன்று எஸ்எம்ஏ-2. ஜூன் 29 அன்று என்பிஏ. என்பிஏ ஆகும் முன் பழைய தவணையைக் கட்டினால் நாள் எண்ணிக்கை குறையும், அது உண்மை.

ஆனால் என்பிஏ ஆனபின் ஒரு தவணை கட்டி மீள முடியாது. அசலும் வட்டியுமாகப் பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் மறுபடி ஸ்டாண்டர்டு (ஒழுங்கான கணக்கு). அதோடு இது கடன்வாரியாக இல்லை, கடனாளிவாரியாக. அதே வங்கியில் சின்ன வாகனக் கடன் ஒன்று என்பிஏ ஆனால், ஒழுங்காக ஓடுகிற சிசியும் கூடவே விழும்.

14.09.2025, அடமானம்

ஒரு திருத்தம், சிசி வைத்திருப்பவர்களுக்காக. எஸ்எம்ஏ-0 என்ற முதல் படி தவணைக் கடனுக்குத்தான். சிசி, ஓவர்டிராஃப்டுக்கு அது கிடையாது. மீறல் விடாமல் 30 நாள் தாண்டினால் நேராக எஸ்எம்ஏ-1. முன்னால் மணி அடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

16.09.2025, குத்துவிளக்கு

நகைக் கடன் பற்றி யாரும் பேசவில்லையே. அது சிபிலில் வருமா? நகைதான் அவர்களிடம் இருக்கிறதே.

16.09.2025, பேரேடு

வரும். நகை இருப்பது வங்கிக்குத்தான் பாதுகாப்பு, உங்கள் ஸ்கோருக்கு அல்ல. மொத்தமாக மீட்கிற வகை நகைக் கடனுக்குக் கெடு பெரும்பாலும் 12 மாதம். இடையில் தவணை கிடையாது என்பதால் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பதின்மூன்றாவது மாதம் மாற்றி வைக்கப் போகும்போது அதுவரை ஓடிய நாள்கள் அப்படியே டிபிடியாக (தாமத நாள் கணக்காக) ஏறியிருக்கும். ஐந்து சிட்டை இருந்தால் ஐந்து கணக்கு, ஐந்திலும் தாமதம். 40,000 ரூபாய் நகைச் சிட்டையால் 40 லட்சம் மெஷின் கடன் நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

இதே வகையில் இன்னும் சில. கிரெடிட் கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கார்டு மூடப்பட்டதாகாது. ஆண்டுக் கட்டணம் 590 ரூபாய் விழுந்து பாக்கியாக ஓடிக்கொண்டே இருக்கும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று தெரிவிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷம் மறந்த கார்டுக்கு அந்த மூன்று நாள் எந்தப் பயனும் தராது. எழுத்தில் மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு.

"இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" ஆப்களும் கடன்தான். பின்னால் ஒரு என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இருக்கும், எவ்வளவு சின்னத் தொகை ஆனாலும் தெரிவித்தாக வேண்டும். 1,200 ரூபாய்க்கு எடுத்தது உங்கள் அறிக்கையில் தனிநபர் கடனாக நிற்கும்.

பிள்ளையின் கல்விக் கடன்: அப்பா இணைக் கடனாளி. படிப்பு முடிந்து சலுகைக் காலம் தீர்ந்ததும் தவணை ஆரம்பிக்கும். பையன் வேலை தேடிக்கொண்டிருப்பான், தாமதம் அப்பாவின் அறிக்கையில் ஓடும். தொழில் கடன் கேட்கிறவர் பெரும்பாலும் அந்த அப்பாதான்.

16.09.2025, குத்துவிளக்கு

மகளிர் குழுக் கடன்?

16.09.2025, அடமானம்

அதுவும் உறுப்பினர்வாரியாகப் போகிறது. குழுத் தலைவி கட்டிவிட்டார் என்று வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

19.09.2025, பட்டறைக்காரர்

மச்சானுக்கு ஜாமீன் போட்ட கையெழுத்து ஒன்று இருந்தால்? கடன் அவருடையது, பணமும் அவர் வாங்கியது.

19.09.2025, அடமானம்

ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் மச்சான் சொத்தை விற்றுவிட்டு வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. உங்கள் அறிக்கையில் அந்தக் கணக்கு "கேரண்டர்" என்ற குறியோடு இருக்கும், அவர் கட்டும் ஒவ்வொரு மாதமும் தெரியும். ஒழுங்காகக் கட்டினாலும் பிரச்சினை தீராது. உங்கள் தாங்குதிறனைக் கணக்குப் போடும்போது அந்தத் தொகையையும் ஒரு கண் பார்ப்பார்கள்.

கூட்டாளிகள் இன்னும் கவனிக்க வேண்டும். கூட்டு நிறுவனத்திலிருந்து விலகி, பத்திரம் எழுதி, பேப்பரில் விளம்பரமும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வங்கியில் போட்ட ஜாமீன் அப்படியே இருக்கும். டைரக்டர் பதவியிலிருந்து ராஜினாமா செய்தாலும் இதே கதை. கம்பெனிப் பதிவாளரிடம் பெயர் நீங்கிவிடும், வங்கி ஆவணத்தில் நீங்காது. விலகும்போதே வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதம் கையில் வாங்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாள் வரையிலான பாக்கிக்கான பொறுப்பு அதோடு போய்விடாது. இனி எடுப்பதற்குத்தான் அது தடுப்பு. அதையும்கூட நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், படித்துப் பாருங்கள்.

19.09.2025, சரக்குமாஸ்டர்

படிவத்தைப் படிப்பதா? நாற்பது கையெழுத்து போடுகிற இடத்தில் பேனா மை காய்கிறதா என்றுதான் பார்ப்போம்.

22.09.2025, பேரேடு

"செட்டில்டு" பற்றி மேலே ஒரு வார்த்தையில் விட்டுவிட்டேன், விரிவாக எழுத வேண்டியது.

3 லட்சம் பாக்கி, 1.8 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று ரெக்கவரி ஏஜென்ட் பேசுவார். பணம் மிச்சம் என்று தோன்றும். முடித்ததும் அறிக்கையில் விழுவது "குளோஸ்டு" அல்ல, "செட்டில்டு". அதாவது வங்கி நஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தது என்று பொருள். அடுத்து கடன் கேட்கும் இடத்தில், 000 கட்டங்கள் முப்பத்தாறு இருந்தாலும் இந்த ஒரு வார்த்தையிலேயே பல பொதுத்துறை வங்கிகள் நின்றுவிடும். இந்தத் தகவலை சிபில் போன்ற நிறுவனங்கள் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்கும்.

மாற்ற வழி உண்டு. விட்டுக்கொடுத்த 1.2 லட்சத்தையும் கட்டத் தயார் என்று கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள். எவ்வளவு கட்டினால் "குளோஸ்டு" என்று திருத்துவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கடிதமாக வாங்குங்கள். கட்டியபின் நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி இல்லை என்ற சான்று). கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவரிடமே பேச வேண்டும், பழைய வங்கி கைவிரிக்கும். பத்து லட்சத்துக்கு மேல் தொழில் கடன் தேவைப்படுகிறவருக்கு 1.2 லட்சம் கட்டிச் சுத்தம் செய்வது பெரும்பாலும் லாபம். இனி கடனே வேண்டாம் என்கிறவருக்கு அந்தச் செலவு வீண்.

24.09.2025, பட்டறைக்காரர்

அறிக்கையை நாலு இடத்திலும் எடுத்துப் பார்த்தாயிற்று. அதில் ஒன்றில் தம்பியின் பைக் கடன் இந்தப் பெயரில்! எப்படி?

24.09.2025, பேரேடு

நம் ஊர்ப் பெயர் முறையால். பான் அட்டையில் இன்ஷியல் மட்டும் போட விடமாட்டார்கள், விரித்து எழுதினால் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்காரும். அண்ணன் தம்பி இருவருக்கும் பாதிப் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, விண்ணப்பத்தில் கொடுத்த போன் எண்ணும் வீட்டுக்கு ஒன்றுதான். ஒரு என்பிஎஃப்சி பான் எண் இல்லாமல் வாக்காளர் அட்டையை வைத்துக் கடன் கொடுத்திருந்தால் போதும், கலந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இன்ஷியல் கணவர் இன்ஷியலாக மாறிய பெண்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல்: ஒரே ஆளின் வரலாறு இரண்டாகப் பிரிந்து நிற்கும், நல்ல பாதி காணாமல் போகும்.

நாலையும் எடுத்தது நல்லது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க், நாலிலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நீங்களே எடுத்தால் ஸ்கோர் குறையாது.

திருத்தும் முறை: அறிக்கையில் உள்ள கண்ட்ரோல் எண்ணோடு அந்த நிறுவனத்தின் தளத்திலேயே தகராறு பதியுங்கள், "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்ற வகையில். கடன் கொடுத்தவருக்கும் அதே நாள் மின்னஞ்சல். அவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது. மொத்தக் கெடு 30 நாள். அதில் கடன் கொடுத்தவருக்கு 21. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள்தான் வருகின்றன.

ஒரு இடத்தில் திருத்தினால் மற்ற மூன்றும் தானாக மாறாது. வங்கி எதை எடுக்கும் என்று நமக்குத் தெரியாது, நாலிலும் பதியுங்கள்.

24.09.2025, சரக்குமாஸ்டர்

தம்பி பைக்கையும் வாங்கிக்கொள்ளலாமே, சட்டப்படி அண்ணனுடையது.

29.09.2025, பட்டறைக்காரர்

இதெல்லாம் சரியான பிறகு ஏஜென்ட் மூலம் போட்டால் வேகமாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

29.09.2025, அடமானம்

வேகமாக விசாரணைகள் (அறிக்கையை எடுத்துப் பார்த்த பதிவுகள்) கிடைக்கும். ஒரே பைலை ஆறு என்பிஎஃப்சிக்கு ஒரே நாளில் அனுப்புவார். ஆறும் தேதி, தொகையோடு அறிக்கையில் பதியும். ஏழாவது இடம் "ஆறு பேர் மறுத்துவிட்டார்கள்" என்று படிக்கும். முதலில் ஒரு இடம், பதில் வந்தபின் அடுத்த இடம். கடன் கொடுத்தவரிடமிருந்து தகவல் நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் போகிறது, மாதம் முழுக்கக் காத்திருந்த காலம் 2024 உடன் முடிந்தது. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

30.09.2025, பேரேடு

அறிக்கைக்கு வெளியே இரண்டு விஷயம்.

ஐடி ரிட்டர்ன். வரி மிச்சம் பிடிக்க லாபத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, கடனுக்குப் போகும்போது "நிஜத்தில் இன்னும் வரும் சார்" என்பது செல்லாது. உதாரணத்துக்கு, வரி போக லாபம் 3.6 லட்சம், தேய்மானம் 0.9, தவணைக் கடன் வட்டி 0.5. மொத்தம் 5 லட்சம். வருஷத்தில் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் 4.8 லட்சம். விகிதம் 1.04. வங்கி எதிர்பார்ப்பது 1.5க்குப் பக்கம், குறைந்தது 1.25. அதே ஆளின் ஜிஎஸ்டியில் 2.4 கோடி விற்பனை, ஐடியில் 1.9 கோடி என்றால் பைல் அங்கேயே மூடிவிடும். வித்தியாசத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு பக்க விளக்கம் வாங்கி, கேட்கும் முன்பே இணையுங்கள்.

சிறு தொழிலுக்கு 5 கோடி வரையான நடைமுறை மூலதன லிமிட்டை, எதிர்பார்க்கும் விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்ற கணக்கில் போடுவார்கள். காட்டாத விற்பனைக்கு அந்த 20 சதவீதமும் கிடையாது.

பேங்க் ஸ்டேட்மென்ட். "இன்வர்ட் ரிட்டர்ன்" என்றால் நீங்கள் கொடுத்த செக் திரும்பியது. "அவுட்வர்ட்" என்றால் வாடிக்கையாளர் கொடுத்தது திரும்பியது. முதலாவது உங்கள் குற்றம், இரண்டாவது உங்கள் வாடிக்கையாளரின் தரம். இரண்டையும் எண்ணுவார்கள், முதலாவதை மன்னிப்பது அரிது. தொழில்நுட்பக் காரணத்தால் திரும்பியிருந்தால் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். தண்டல்காரருக்கு தினமும் போகும் ஒரே தொகை சிபிலில் வராது, ஆனால் ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும்.

02.10.2025, குத்துவிளக்கு

கடனே வாங்காதவருக்கு? ஸ்கோர் மைனஸ் ஒன்று என்று வருகிறது.

02.10.2025, பேரேடு

வரலாறு இல்லை என்று அர்த்தம், கெட்டது என்று இல்லை. முதல் கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது. முத்ராவில் 50,000 வரையான சிசு பிரிவில் ஆரம்பித்து ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் போதும். ஸ்கோர் ஏற்றுவதற்கென்று தேவையில்லாத நுகர்வுக் கடன் வாங்குவது வீண்.

05.10.2025, பட்டறைக்காரர்

மேனேஜரைக் கேட்டாயிற்று. ஸ்கோர் பிரச்சினையே இல்லையாம். அடமானம் வைக்கிற இடத்தின் வில்லங்கத்தில் 2016ல் முடிந்த பழைய கடன் இன்னும் நிற்கிறதாம்.

05.10.2025, அடமானம்

எம்ஓடி (கடனுக்காகப் பத்திரம் ஒப்படைத்த குறிப்பாணை) ரத்தாகவில்லை. நம் மாநிலத்தில் அது சார்பதிவாளரிடம் பதிவாகும், கடன் முடிந்ததும் வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய கிளைக்கு நோ டியூ நகலோடு எழுதுங்கள், அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் வந்து கையெழுத்திட வேண்டும். செர்சாய் (அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) பதிவிலும் அந்த அடமானம் நீங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி பெயரில் இருந்தால் கடன் தீர்ந்ததைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் சிஎச்ஜி-4 படிவமும் தாக்கலாகியிருக்க வேண்டும். ரசீது பதிவானபின் புதிதாக வில்லங்கம் போட்டு, அந்த எண் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கொடுங்கள்.

05.10.2025, பட்டறைக்காரர்

அந்தக் கிளை இப்போது வேறு வங்கியோடு சேர்ந்துவிட்டது.

06.10.2025, அடமானம்

சேர்த்துக்கொண்ட வங்கிதான் இனி கையெழுத்திட வேண்டும். பழைய கடன் எண்ணும் எம்ஓடி ஆவண எண்ணும் வருடமும் எழுதி மண்டல அலுவலகத்துக்கே அனுப்புங்கள். கிளையில் பழைய பைலைத் தேட அந்த ஆவண எண்தான் முதலில் கேட்பார்கள்.